கேட்டுத் தைத்த செருப்பு

எங்கள் பெரியம்மாவுக்கு வயது 71. சர்க்கரை வியாதி விருந்தாளி மாதிரி வந்து, போக மனமில்லாமல் 11 வருஷமாக அவளோடு தங்கியிருக்கிறது. போன தை மாதம் வலது உள்ளங்காலில் ஒரு சின்னப் புண். எது குத்தியது, எப்போது குத்தியது என்று அவளுக்கே தெரியாது. வலித்திருந்தால் அல்லவா தெரியும்? டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் பெரிய டாக்டர். பெரிய டாக்டர்களுக்கு நேரம் மட்டும் சிறியது. "இனிமேல் வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் விரலை எடுக்கும்படி ஆகும். அப்புறம் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவருடைய சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் செருப்பா! அதுவும் அடுக்களைக்குள்ளா! "எங்க மாமியார் இருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்று பெரியம்மா கேட்டதற்கு எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. செருப்பை வாங்கி வந்தோம். அது மற்றச் செருப்புகளோடு வாசலிலேயே கிடந்தது. அடுத்த மாதம் புண் பெரிதாயிற்று. டாக்டர் சீட்டில் ஏதோ ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கிறுக்கினார். 'சொன்னபடி கேட்காத நோயாளி' என்று அதற்கு அர்த்தம்.

புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸம்மாள்தான் வேறு விதமாகப் பேசினார். "ஏம்மா, செருப்பு கடிக்குதா? பிடிக்கலையா?" என்று முதலில் கேட்டார். பிறகு, "வீட்டில் எங்கே அதிகம் நிற்பீங்க? தரை மொசைக்கா, சிமெண்டா?" என்று ஆரம்பித்து, பூஜை அறைக்கு எத்தனை தரம் போவாள் என்பது வரை விசாரித்தார். பெரியம்மா மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். "அவ்வளவுதானே? வீட்டுக்கென்றே புதுசாக இன்னொரு ஜோடி வாங்கிக்குங்க. அது தெருவையே பார்க்க வேண்டாம். பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே கெட்டியான பாய் விரிச்சுக்குங்க" என்றார் நர்ஸம்மாள். பெரியம்மா யோசித்தாள். "தெருவைப் பாக்காத செருப்புன்னா தோஷமில்லை" என்று தீர்ப்பளித்தாள். ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது.

ஒரு ஜோடிச் செருப்புக்கு இத்தனை பீடிகையா என்று கேட்கிறீர்களா? அந்தச் செருப்பின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனேன். அது என்னை வேலூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலும் செருப்புமாகவே வாழும் சீமை அது. அங்கே தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்த செருப்பு கப்பல் ஏறிய செருப்பு அல்ல. அது காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி என்ற இடத்தோடு சம்பந்தப்பட்டது. முதலில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்காக வந்ததும் அல்ல. தொழுநோயால் கால் மரத்துப் போனவர்களுக்காக வந்தது.

பால் பிராண்ட் என்ற ஆங்கில எலும்பு வைத்திய நிபுணர் 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அந்நாளில் தொழுநோய் என்றால் விரல்கள் தாமாகவே அழுகி விழும் என்று ஜனங்கள் மட்டுமல்ல, டாக்டர்களில் பலரும் நம்பியிருந்தார்கள். பிராண்ட் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். மடங்கிச் சுருண்ட விரல்களோடு இருந்த ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது! கை செத்துவிடவில்லை. சில தசைகள் செயலற்றுப் போயிருந்தன, மற்றவை நன்றாகவே வேலை செய்தன. அந்த நல்ல தசைகளின் நாணை எடுத்து வேறிடத்தில் இணைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை பின்னால் வேலூரில் உருவாயிற்று.

இன்னொரு சம்பவத்தையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். கரியடுப்பில் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழங்கு நெருப்புக்குள் விழுந்துவிட்டது. ஒரு கிழவர் வெறுங்கையைத் தணலுக்குள் விட்டு அதை எடுத்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. நமக்குக் காப்பி டம்ளர் சுட்டால் கை தானே விலகிக்கொள்கிறது. அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடுகிறோமா? கையில் வலி என்ற காவல்காரன் இருக்கிறான். அந்தக் காவல்காரன் போய்விட்டால் தணல், முள், ஆணி, கரடுமுரடான மண்வெட்டிப் பிடி எல்லாம் கையையும் காலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இரவில் தூங்கும்போது எலி வந்து விரலைக் கடித்தாலும் தெரியாது. அதற்காக நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது கூடவே ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம்! மருந்துச் சீட்டில் பூனை எழுதிய டாக்டர்கள் உலகத்திலேயே இவர்கள்தாம் என்று நினைக்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நோயாளி எங்கே படுப்பார், கூரை எப்படிப்பட்டது, ராத்திரி என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தவருக்கே பூனையின் ஞாபகம் வரும்.

கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. மரத்துப்போன காலுக்கு எந்தச் செருப்பு ஏற்றது என்று அந்தக் காலத்தில் வேலூரிலும் கரிகிரியிலும் படாத பாடு பட்டார்கள். மரத்தில் செய்து பார்த்தார்கள். தோல், மெழுகு, பிளாஸ்டிக் எதையும் விடவில்லை. உள்ளங்காலில் ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் அந்த இடம் புண்ணாகும். ஆகையால் அடித்தளம் மிருதுவாக இருக்க வேண்டும். மிருதுவாக இருக்கிறதே என்று இரண்டு மாதத்தில் அப்பளமாகி விடவும் கூடாது. கடைசியில் கை கொடுத்தது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ஒரு வகை ரப்பர். எம்.சி.ஆர். என்ற மூன்று எழுத்து அதைத்தான் குறிக்கிறது. இந்தச் செருப்பில் ஆணி அடிப்பதில்லை. ஆணி தேய்ந்து மேலே எழும்பினால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே! விரலால் இறுக்கிப் பிடிக்க முடியாத காலிலிருந்து நழுவாமல் இருக்க, குதிகாலுக்குப் பின்னால் ஒரு வாரும் உண்டு.

அற்புதமான செருப்பு. ஆனால் பலர் அதைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார்கள்!

ஏன் என்று ஊகித்திருப்பீர்கள். கறுப்பு நிறம், தடித்த அடி, பின்னால் ஒரு வார். ஊரில் வேறு யாரும் அப்படிப்பட்ட செருப்பைப் போடுவதில்லை. அது வாசலில் கிடந்தால் போதும், அந்த வீட்டில் யாருக்கோ அந்த வியாதி என்று தெருவுக்கே தமுக்கு அடித்த மாதிரி. டீக்கடையில் டம்ளர் தனி. பெண்ணுக்கு வரன் வராது. காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் மானத்தை வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்றால், எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? புண் வந்தாலும் சரி என்று வெறுங்காலோடு நடந்தார்கள். 'அறியாமை' என்று அதற்குப் பெயர் வைப்பது சுலபம். என்னைக் கேட்டால், அவர்கள் கணக்குப் போட்டுத்தான் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் காலுக்கு ஒரு விலை இருந்தது, தலை நிமிர்ந்து தெருவில் நடப்பதற்கும் ஒரு விலை இருந்தது. செருப்பைத் தைத்தவர்களுக்கு முதல் விலை மட்டுமே தெரிந்திருந்தது.

தொழுநோய் வேலையில் இருப்பவர்கள் இதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டார்கள். அடி அதே ரப்பராக இருக்கட்டும், மேலே கடையில் விற்கிற செருப்பு மாதிரியே இருக்கட்டும், நிறமும் வாரும் போடுகிறவர் இஷ்டம் என்று ஆன பிறகு கால்கள் செருப்புக்குள் போக ஆரம்பித்தன. (அந்த நோயின் பழைய பெயரை நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை வசவாக மாற்றியவர்கள் நாம்தான்.)

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். இது குடும்பப் பெண்களாகிய நம்மை நேராகத் தொடுகிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துத் தொழுநோயைக் குணப்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் போதும், குணமாகிவிடும். மருந்து இலவசம். 'உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காதீர்கள், உடனே வாருங்கள்' என்று சுவர்களில் எழுதினார்கள். நல்ல வாசகம். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் சட்டப் புத்தகம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தில், கடுமையான, குணமாகாத தொழுநோய் விவாகரத்துக்கு ஒரு காரணம். வேறு சில சமயத்தாருடைய திருமணச் சட்டங்களிலும் தொழுநோய் அப்படி இடம் பிடித்திருந்தது. அந்த வரியைப் பாராளுமன்றம் நீக்கியது 2019-இல். குணப்படுத்தும் மருந்து வந்து 38 வருஷம் கழித்து! முதுகில் தேமலைப் பார்த்த ஒரு பெண், சுவரில் எழுதியதை நம்புவாளா, மாமியார் வீட்டில் தன் நிலைமை என்ன ஆகும் என்று பார்ப்பாளா? அவள் மறைத்தாள் என்றால் குற்றம் அவளுடையதா?

தொழுநோய் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தேசம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005-இன் இறுதியில் எட்டியது உண்மை. ஆனாலும் உலகத்தில் வருஷந்தோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்றும் நம் நாட்டவர்தான்.

வேலூரின் கதையில் இந்தப் பாடம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் பாதிரியாகவும் டாக்டராகவும் இருந்த தகப்பனாரின் வீட்டுக்கு அவர் 1890-களில் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டரைப் பெண்ணிடம் அனுப்ப மூவருமே சம்மதிக்கவில்லை. ஐடாவோ வைத்தியம் படிக்காத இளம் பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக அந்த மூன்று புருஷர்களையும் திட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கும் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் ஐடா திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் 1899-இல் டாக்டர் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே வேலூருக்கு வந்தார். 'இந்த ஜனங்கள் மாறினால் நாம் வைத்தியம் செய்யலாம்' என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படிப்பட்ட டாக்டரிடம் வருவார்களோ அப்படிப்பட்ட டாக்டராகத் தாமே ஆனார். பிறகு 1909-இல் நர்ஸுகளுக்கும் 1918-இல் பெண் டாக்டர்களுக்கும் பள்ளி ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காகக் குடியாத்தம் சாலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தார். அந்த மூன்று பெண்களும் பிழைத்திருந்தால் வேலூரில் இத்தனையும் நடந்திருக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் பிழைத்திருக்க வேண்டியவர்கள்.

நிற்க. தோல் சீமைக்கு வந்துவிட்டுத் தோலைப் பற்றிப் பேசாமல் போகலாமா?

வாணியம்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் ஒரு சகோதரி ஏறி எதிரே உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். மடியில் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காட்பாடியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஷூ கம்பெனியில் 9 வருஷமாக அப்பர் தைக்கிறாராம். என்னுடைய உத்தியோகம் இன்னதென்று தெரிந்ததும் சிரித்தார். "எழுதுறதுன்னா இதை எழுதுங்க அக்கா" என்று ஆரம்பித்தார்.

"எங்க கம்பெனியிலே கேம்ப் வெச்சாங்க. ரத்தம் கம்மியா இருக்குதுன்னாங்க. கீரை, பேரீச்சம்பழம், மாதுளம்பழம் எல்லாம் துண்ணணும்னு நல்லாத்தான் சொன்னாங்க. தண்ணி ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணுமாம். நீர்க்கடுப்பு வராதாம். நான் குடிக்கிறேன் அக்கா. குடிச்சா எழுந்து போவணும் இல்ல? ரெண்டு தரம் எழுந்தா லைன் நின்னு போவுதுன்னு சூப்பர்வைசர் கத்துறார். அதுக்குத்தான் காலையிலேர்ந்து வாயை நனைக்காம உக்காந்துக்கிறோம். இது அந்த டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"நீங்கள் சொல்லவில்லையா?" என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவங்க மைக்கிலே பேசினாங்க. நாங்க கீழே உக்காந்து கேட்டோம். முடிஞ்சதும் கை தட்டச் சொன்னாங்க. தட்டினோம்."

எல்லாக் கம்பெனிகளும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. நேரத்துக்கு விட்டுக் குடிதண்ணீரும் சுத்தமான கழிவறையும் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்த டாக்டரம்மாளின் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவர் நல்லவர். சொன்னது ஒவ்வொன்றும் சரி. 'தண்ணீர் குடியுங்கள்' என்ற அதே வார்த்தையை, அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னதோடு நிற்காமல், நிர்வாகத்தைப் பார்த்து 'எழுந்து போக அனுமதியுங்கள்' என்றும் சொல்லியிருக்கலாம். கையில் தைக்கும் மிஷினைத் தவிர வேறு அதிகாரம் இல்லாதவளுக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு, விசிலும் கடிகாரமும் வைத்திருப்பவரிடம் காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தால், உபதேசம் சரியாக இருந்தாலும் காரியம் சரியில்லை.

அந்தச் சகோதரியிடம் இன்னொன்றும் கேட்டேன். குடிக்கத் தண்ணீர் எப்படி என்று. கேன் வாங்குகிறார்களாம். "ஆத்தோரக் கெணத்துத் தண்ணிலே பருப்பு வேவாது அக்கா" என்றார். பருப்பு வேகாத தண்ணீர் என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும்.

'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்பது நாம் பிள்ளைப் பிராயத்திலிருந்து கேட்டு வரும் உபதேசம். காலரா, டைபாய்டு கிருமிகள் காய்ச்சினால் சாகும், சந்தேகமில்லை. ஆனால் தோல் பதனிடும் கழிவு இறங்கிய நிலத்துத் தண்ணீரில் இருப்பது கிருமி மட்டும் அல்ல, உப்பு. குரோமியமும் இருக்கலாம். ரசத்தில் உப்பு கூடிவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வைத்துச் சரி செய்வோமா? வற்ற வற்றக் கரிக்கும். பாலாற்றங்கரைக் கிராமத்தில் போய் 'காய்ச்சிக் குடிக்காததால்தான் உங்களுக்கு வியாதி' என்று ஒருவர் பிரசங்கம் செய்தால், அது உபயோகமில்லாத பேச்சு. அதைவிடக் கெட்டது, ஆற்றைக் கெடுத்தவரை விட்டுவிட்டு அடுப்பு மூட்டாதவளைக் குற்றவாளியாக்குகிறது.

இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பட்டறைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிற்று என்ற ஆராய்ச்சிக் கணக்கைத் தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. தோல் தொழில் அன்னியச் செலாவணி கொண்டு வருகிறது, பலருக்குச் சோறு போடுகிறது, ஆனாலும் அதற்காக மண்ணையும் நீரையும் ஜனங்களின் ஆரோக்கியத்தையும் அழிக்க உரிமை கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிற்று. கெடுத்தவர் செலவைக் கொடுக்க வேண்டும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்திலே சேர்ந்தவை என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் பட்டறை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இன்றைக்கு உலகத்தில் எங்கே சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் வேலூர் என்ற பெயர் வருகிறது. ஊருக்குப் பெருமைதான், பெருமைப்பட முடியாத பெருமை.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடுகளும் வந்தன. அவற்றிலும் விபத்து: 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டி உடைந்து, பக்கத்தில் படுத்திருந்த 10 தொழிலாளர்கள் தூக்கத்திலேயே மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இந்த வழக்கை எடுத்து, பாக்கியிருக்கும் இழப்பீட்டைக் கொடுக்கும்படியும், மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கும்படியும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம். அதற்குள் வேலூர் ஜில்லாவே மூன்றாகிவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 முதல் திருப்பத்தூர் ஜில்லாவில் இருக்கின்றன. இழப்பீட்டுக்காகக் காத்திருந்த விவசாயிக்கு ஆபீஸ் மாறியதுதான் மிச்சம்.

'அப்படியானால் தோல் பட்டறைகளை இழுத்து மூடு' என்று சென்னையிலிருந்து எழுதிவிடலாம். ரயிலில் வந்த சகோதரியின் சம்பளமும் அதோடு போய்விடும். அவரைக் கேட்டேன். "மூடினா நாங்க எங்கே போறது? தண்ணியும் வேணும், வேலையும் வேணும். ரெண்டும் கேக்கறது பேராசையா அக்கா?" என்றார். எந்த மகாநாட்டிலும் இதைவிடத் தெளிவாக யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. மகாநாடுகளும் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கின்றன. ஆல்மா ஆட்டாவில் 1978-இலும், கனடாவில் ஆட்டவா நகரத்தில் 1986-இலும் கூடியவர்கள், ஆரோக்கியத்துக்கு மருந்தும் உபதேசமும் போதாது, சோறு, வீடு, படிப்பு, வருமானம், கெடாத இயற்கை, நியாயம் எல்லாம் வேண்டும் என்றும், ஜனங்களே தங்கள் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் நிலை வர வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள்.

வேலூர்ப் பக்கத்தில் அந்தக் காகிதத்துக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தவர்கள் உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி வட்டாரத்திலும் கே.வி.குப்பத்திலும் கிராம சுகாதார வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். அங்கே முதுகெலும்பு டாக்டர் அல்ல. அந்தந்தக் கிராமத்திலேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே தண்ணீர் பிடித்து, அங்கேயே சண்டை போட்டுச் சமாதானமான ஒரு பெண்மணி. யார் முழுகாமல் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, எந்த வீட்டில் சாவு என்பதெல்லாம் அவருக்குக் கேட்காமலே தெரியும். நம் பெரிய டாக்டருக்கு 3 நிமிஷத்தில் தெரியாதது அவருக்கு 30 வருஷமாகத் தெரியும். அப்படித் தெரிந்திருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தெரிந்ததைக் கிணற்றடியில் சொல்லிவிட்டால் என்ன ஆவது? ஆகவே ரகசியம் காக்கும் வாய்தான் அவருக்கு முதல் தகுதி என்பது என் கட்சி. தேமல் கண்ட பெண்ணைப் பற்றி மேலே எழுதினேனே, அவள் வாயைத் திறப்பாளா மாட்டாளா என்பது இதைப் பொறுத்தது.

ஊருக்கு வந்ததும் பெரியம்மாவிடம் செருப்பின் சரித்திரத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பழைய காலத்து மனுஷி. முதலில் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தால், வீட்டுக்குள் வந்த செருப்பு மறுபடியும் வாசலுக்கே போய்விடுமோ என்று பயம். மறைத்தாலோ, இவ்வளவு நேரம் உங்களிடம் பேசியதற்கு அர்த்தமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். தணலில் கை விட்ட கிழவரைப் பற்றியும், பூனையைப் பற்றியும், 1966-இல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போய் வேலூரில் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தியதைப் பற்றியும் சொன்னேன்.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். காலை நீட்டிச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவா கால்ல புண்ணு பட்டுப் பட்டுத்தான் இதைக் கண்டுபிடிச்சாளா?" என்று கேட்டாள்.

"ஆமாம், பெரியம்மா."

"ஊர்ல இருக்கறவா அவாளை டீக்கடையிலே சேத்துக்கலையா?"

"இல்லை."

முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வார் சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு செருப்புக் காலோடு அடுக்களைக்குள் போனாள்.